பன்னிரண்டு நாள் கூட்டமும் மைதானத்து ஓட்டலும்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசைக் கண்டவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கொடியேற்றத்துடன் தொடங்கும் விழா பன்னிரண்டு நாட்கள் நடைபெறுகிறது. ஒன்பதாம் நாள் தேரோட்டம். பதினொன்றாம் நாள் தபசுக் காட்சி. அரியும் சிவனும் ஒன்றே என்பதை உலகம் அறிய வேண்டிக் கோமதி அம்மன் தவமிருந்ததாகவும், இறைவன் பாதி சங்கரராகவும் பாதி நாராயணராகவும் தோன்றி அருளியதாகவும் தலபுராணம் கூறுகிறது. தெற்கு ரத வீதியில் அக்காட்சி நிகழும் மாலையில் எள் விழ இடமிராது. கரிசல் காட்டு உழவர்கள் தங்கள் விளைபொருளைக் கொண்டுவந்து சூறையிடுவதும், புற்றுமண்ணை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புவதும் இன்றும் காணத்தக்க காட்சிகளே.

அந்த ஊரில், கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவில், எங்கள் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் தந்தையார் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றை நடத்திவந்தார். காலையில் இட்லி, நண்பகலில் அளவுச் சாப்பாடு, இரவில் புரோட்டா என்று மூன்று வேளையும் அடுப்பு அணையாத கடை. தபசு பார்க்கச் சென்ற ஆண்டுகளில் எல்லாம் நாங்கள் அங்கேதான் கை நனைத்தோம்.

2015 டிசம்பரில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக் கோப்பையைச் சென்னையின் அணி வென்றது. சென்னையில் வேலையிலிருந்த நண்பர் அந்த மகிழ்ச்சியில் ஒரு திட்டத்தோடு ஊருக்கு வந்தார். பெரியமேட்டில், நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிய தெருவொன்றில், இருபது அறைகள் கொண்ட பழைய லாட்ஜ் குத்தகைக்கு வருகிறது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தங்கும் அறை. ஆட்ட நாளில் பல்லாயிரம் பேர் வாசலைக் கடந்து போவார்கள். அதற்கு வேண்டிய முன்பணத்துக்கு ஊரிலிருக்கும் கடையை அடமானம் வைக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

தந்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"ஆட்டம் வருசத்துல எத்தன நாளு?"

"நம்மூருல ஏழு ஆட்டம்ப்பா. செமிபைனல் வந்தா எட்டு."

"சரி. மிச்ச நாளு அந்தக் கட்டில்ல யாருல படுப்பா?"

நண்பர் எங்களைப் பார்த்தார். வரலாறு, கல்வெட்டு என்று ஊர் ஊராகத் திரிகிறவர்கள் நாங்கள்; எங்களிடம் விடை இருக்கும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். அன்று எங்களிடம் விடை இல்லை. அந்தக் கேள்வி மட்டும் எங்களோடு சென்னை வரை வந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் படித்ததையும் பார்த்ததையும் கொண்டு அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சத்திரத்தை நடத்தியது எது?

நம்மவர்க்கு ஓட்டல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோறு, கட்டில் பிறகுதான். தங்கும் இடத்துக்கு லாட்ஜ் என்ற தனிச்சொல் வைத்துக்கொண்டோம். இரண்டும் சேர்ந்த இடத்துக்கு நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பெயர் சத்திரம். எனவே கூட்டம் கூடும் இடத்தில் சோறும் கூரையும் அளிப்பது எப்படி நடந்தது என்று அறிய, சத்திரங்களின் வரவு செலவைப் பார்ப்பதே முறை.

மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பலரும் அறிவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கியது அது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் வரிசையாகச் சத்திரங்களை எழுப்பினர். இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு சரபோஜி எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்கு அங்கே உணவு வழங்கப்படுவதையும் நோயுற்றோர் பேணப்படுவதையும் எடுத்துரைத்து, இவ்வறம் தம் குலத்துக்குத் தலையாயது என்று வாதிட்டார். 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியையே இழந்துவிட்ட மன்னர், சத்திரங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மனமின்றி எழுதிய கடிதம் அது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சத்திரத்துக்கு வரும் யாத்திரிகர் காசு கொடுப்பதில்லை. கூட்டம் மிகுந்தால் சத்திரத்துக்குச் செலவு மிகும், வரவு மிகாது. அப்படியானால் அது நூறாண்டு, இருநூறாண்டு நின்றது எப்படி? அதன் பெயரில் எழுதிவைக்கப்பட்ட நிலங்களால், கிராமங்களின் வருவாயால். திருவிழாக் கூட்டத்தை நம்பிச் சத்திரம் கட்டப்படவில்லை. திருவிழாக் கூட்டத்தைத் தாங்குவதற்காக ஆண்டு முழுதும் விளையும் நிலம் விடப்பட்டது. சில நாள் மட்டுமே வரும் கூட்டத்தைக் கொண்டு ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஒரு நிறுவனத்தை நடத்த இயலாது என்ற கணக்கு நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அதனை வணிகம் ஆக்காமல் அறம் ஆக்கினர் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. ஆனால் வணிகமாக்கியிருந்தால் நின்றிராது என்பது உண்மை.

போக்குவரத்தும் இக்கணக்கை மேலும் கடினமாக்கியது. மாட்டுவண்டிக் காலத்தில் தபசுக்கு வந்த குடும்பம் கட்டுச்சோற்றோடு வந்து, வண்டியடியிலும் மண்டபத்திலும் தங்கிப் போயிற்று. 1927இல் விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதை சங்கரன்கோவில் வழியாகத் திறக்கப்பட்டது. பின்னர்ப் பேருந்துகள் பெருகின. காட்சி முடிந்த இரவே சிறப்புப் பேருந்தில் ஊர் போய்ச் சேரலாம் என்றானபின், தங்குவோர் தொகை எப்படிக் கூடும்? வருவது எளிதாக எளிதாகக் கூட்டம் பெருகும். அதே காரணத்தால் தங்குவது குறையும். இந்த முரணை மனத்தில் இருத்திக்கொண்டு மைதானத்துக்குச் செல்வோம். சத்திரம் கோயிலை ஒட்டியது என்றால், மைதானத்தை ஒட்டிய ஓட்டல் பிறந்து வளர்ந்த நாடு இங்கிலாந்து.

அணி பிறந்த மதுவிடுதி

இலண்டனில் உள்ள ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம் 1877இல் ஓட்டப் பந்தயங்களுக்காகத் திறக்கப்பட்டது. 1904இல் அது கஸ் மியர்ஸ் என்பவர் கைக்கு வந்தது. அதை அருகிலிருந்த ஃபுல்ஹாம் கால்பந்துக் கழகத்துக்கு வாடகைக்கு விட முயன்றார், அவர்கள் இணங்கவில்லை. மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. எனவே 1905 மார்ச் 10ஆம் நாள், மைதான வாசலுக்கு எதிரே இருந்த ரைசிங் சன் என்ற மதுவிடுதியின் மாடியில் கூடி ஓர் அணியைத் தொடங்கினர். அதுவே செல்சீ. மைதானத்துக்காக அணி பிறந்தது. அந்த அணி பிறந்த இடமோ மைதானத்துக்கு எதிரிலிருந்த கடை. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தெருவுக்கென்று வாடிக்கையாளர் முன்பே இருந்ததால் அக்கடை இருந்தது. ஆட்டத்தை எதிர்பார்த்து அது திறக்கப்படவில்லை.

1970களில் புதிய பார்வையாளர் மாடம் ஒன்றைக் கட்டிய செலவில் செல்சீ கடனில் மூழ்கியது. 1982இல் கென் பேட்ஸ் என்ற தொழிலதிபர் அக்கழகத்தை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கினார், கடன்கள் தனி. மைதான நிலமோ நிலவணிகர் கைக்குப் போயிற்று. பல்லாண்டு வழக்குக்கும் 1990களின் தொடக்கத்தில் நேர்ந்த நிலவிலைச் சரிவுக்கும் பிறகே நிலம் மீண்டது. இனி எவரும் அதை விற்க இயலாதபடி, 1993இல் தொடங்கப்பட்ட ரசிகர்களின் நிறுவனம் ஒன்று நிலவுரிமையைப் பெற்று வைத்துக்கொண்டது. ஏறத்தாழ நம் தேவதான நிலம் போன்ற ஏற்பாடு.

அதன் பின் பேட்ஸ் எழுப்பியதே செல்சீ வில்லேஜ். ஆட்டம் நடப்பது இரு வாரத்துக்கு ஒரு நாள். மீதி நாட்களிலும் நிலம் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஷெட் எண்ட் என வழங்கிய தென்மாடத்தை ஒட்டி ஓட்டல்கள், உணவகங்கள், வாகன நிறுத்தம், குடியிருப்புகள் என 1990களின் பிற்பகுதியில் ஒரு சிற்றூரே எழுந்தது. சங்கரன்கோவில் பெரியவர் கேட்ட அதே கேள்வியைத்தான் பேட்ஸும் கேட்டிருக்கிறார்; ஆனால் விடையைக் கடன் வாங்கிக் கட்டினார். 1997இல் 7 கோடியே 50 லட்சம் பவுனுக்குக் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. ஓட்டல் வருமானம் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. 2003 ஜூலையில் உருசியச் செல்வர் ரோமன் அப்ரமோவிச் சுமார் 14 கோடி பவுன் மதிப்பில் கழகத்தைப் பெற்றபோது, அத்தொகையில் ஏறத்தாழ 8 கோடி ஏற்கெனவே இருந்த கடன்.

அப்ரமோவிச் காலத்தில் ஓட்டல்கள் உதவியாக இல்லை, இடைஞ்சலாக இருந்தன. 60,000 பேர் அமரும் புதிய அரங்கத்துக்குத் திட்டம் தீட்டப்பட்டது. அதற்கு 2017 ஜனவரியில் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலும் கிடைத்தது. மைதானம் விரிய வேண்டுமானால் ஓட்டல்கள் இடிபட வேண்டும். 2018 மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டதால் அவை தப்பின.

கதையின் வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. 2022இல் டாட் போலி குழுவினர் செல்சீயை வாங்கினர். வீரர்களுக்காக நீரைப் போலப் பணம் இறைத்தனர். ஒரு கழகம் எவ்வளவு நட்டப்படலாம் என்பதற்கு அப்போது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வரம்பு வைத்திருந்தது. 2022-23 கணக்கில், மைதானத்து ஓட்டல்கள் இரண்டும் 7 கோடியே 65 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டன. வாங்கியது யார்? அதே உரிமையாளரின் மற்றொரு நிறுவனம். வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாறிய அவ்விற்பனையால் அவ்வாண்டு நட்டம் சுமார் 9 கோடிப் பவுனாகக் குறைந்தது. அது இல்லையேல் 16 கோடியைத் தாண்டியிருக்கும். விலை நியாயமானதுதானா என்று ஆராய்ந்த பிரீமியர் லீக் 2024இல் பெருமளவுக்கு அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமோ இத்தகைய வரவைக் கணக்கில் கொள்வதில்லை. தன் நிதி விதிகளை மீறியதற்காக 2025 ஜூலையில் செல்சீ மீது 3 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

கால் நூற்றாண்டு விருந்தினரை வரவேற்ற அந்த ஓட்டல்கள் செய்த மிகப் பெரிய வணிகம், ஒரே ஒரு நாளில், ஒரு விருந்தினரும் வராமல் நடந்தது. அறையும் கட்டிலும் ஈட்டித் தராததை, கட்டடம் நிற்கும் இடம் ஈட்டித் தந்தது. தஞ்சைச் சத்திரத்தைத் தாங்கியது நிலம் என்றோம். தேம்சு நதிக்கரை நகரிலும் கடைசியில் கைகொடுத்தது நிலமே.

அறைக்கணக்கு

செல்சீ ஒரு விதிவிலக்கு என்று கருதுவோர்க்கு மேலும் இரண்டு எடுத்துக்காட்டுகள்.

மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு நேரெதிரே 2015இல் ஹோட்டல் ஃபுட்பால் திறக்கப்பட்டது. கேரி நெவில், ரயன் கிக்ஸ் முதலான புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் தொடங்கியது. மொட்டை மாடியில் சிறு கால்பந்துத் திடலும் உண்டு. அறைகள் 133. எதிரேயுள்ள மைதானமோ 74,000 பேரைக் கொள்வது. ஆட்ட நாளில் அத்தனை அறையும் இருவர் இருவராக நிரம்பினால் 266 பேர். வந்த கூட்டத்தில் ஆயிரத்துக்கு நால்வர்கூட இல்லை. ஆக, 74,000 என்ற எண் அறை வணிகத்துக்கு ஏறத்தாழப் பொருளற்றது. 7,000 பேர் வந்தாலும் ஆட்ட நாளில் அறைகள் நிரம்பிவிடும். வாசலைக் கடந்து போகும் தலைகளை எண்ணி ஓட்டல் தொடங்குவது, ஆற்றில் ஓடும் நீரை அளந்து குடம் வாங்குவது போன்றது.

பிரீமியர் லீக்கில் ஒரு கழகம் ஆண்டுக்கு 38 ஆட்டங்கள் ஆடுகிறது. சொந்த மைதானத்தில் 19. கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் முப்பது நாளை ஒட்டியே நிற்கும். மீதி முந்நூற்று முப்பது இரவுகளை வேறு எவரேனும் நிரப்ப வேண்டும். மான்செஸ்டர் போன்ற வணிக நகரில் அலுவல் கூட்டங்களுக்கும் திருமண விருந்துகளுக்கும் குறைவில்லை.

அந்த வேறு எவரேனும் இல்லாதபோது, அல்லது ஓட்டலின் கணக்கு கழகத்தின் கணக்கோடு பிணைந்துவிட்டபோது என்ன நிகழும் என்பதற்குப் போல்டன் சான்று. 1997இல் திறக்கப்பட்ட அந்நகரின் புதிய மைதானம் ஊரின் மையத்திலிருந்து விலகியது. அதன் கட்டடத்துக்குள்ளேயே ஓட்டல் அமைந்தது. சில அறைகளின் சன்னலைத் திறந்தால் புல்வெளி. இதைவிட நெருக்கம் எவருக்கும் கிட்டாது. 2019இல் போல்டன் வாண்டரர்ஸ் கழகம் ஊதியம் தர வழியின்றி நொடித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கழகமும் ஓட்டலும் ஒருங்கே கடன் தீர்வு நிருவாகிகளின் பொறுப்புக்குச் சென்றன. ஆகஸ்டில் புதிய உரிமையாளர்கள் இரண்டையும் சேர்த்தே மீட்டனர். பந்தைத் தொடாத சமையற்காரரும் துப்புரவுப் பணியாளரும் அணியின் வீழ்ச்சியில் பங்கேற்க நேர்ந்தது. மைதானத்துக்கு அருகில் இருப்பது வேறு. மைதானத்தோடு கட்டப்பட்டிருப்பது வேறு.

இலிசும் இறாலும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கால்பந்துக் கூட்டம் என்றால் கொல்கத்தாவைத்தான் சொல்ல வேண்டும். அங்குள்ள சால்ட் லேக் அரங்கம் 1984இல் திறக்கப்பட்டது. 1997 ஜூலை 13இல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. நம் நாட்டில் ஒரு விளையாட்டுப் போட்டிக்குத் திரண்ட பெருங்கூட்டங்களுள் ஒன்று அது.

அந்தக் கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? இரு அணிகளும் ஒரே நகரத்தவை. இரு தரப்பு ரசிகரும் அந்நகரத்தவரே, அன்றேல் புறநகர் இரயிலில் வந்து இரயிலில் திரும்புவோர். கால்பந்துக் கூட்டத்துக்கும் கோயில் கூட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கே தெரிகிறது. தபசுக்கு வருபவர் தம் ஊரை விட்டு வருகிறார். ஆட்டத்துக்கு வருபவர் தம் ஊருக்குள்ளேயே வருகிறார். விருந்தினராக ஒரு பொழுதும் ஆகாதவரை நம்பி விருந்தினர் விடுதி நடத்துவது எங்ஙனம்?

ஆனால் ஆட்டத்தால் பயன் பெறும் வணிகம் அந்நகரில் இல்லாமலில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் ரசிகர் வீடுகளில் இலிசு மீன். மோகன் பகான் வென்றால் இறால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் இலிசையும் மேற்கு வங்கத்தார் இறாலையும் தம் அடையாளமாகக் கொண்டிருப்பதால் வந்த வழக்கம். ஆட்டத்தின் முடிவு மீன் சந்தையில் எதிரொலிக்கும் என்பது அங்கே அனைவரும் அறிந்த செய்தி. கூட்டம் மைதான வாசலில் செலவழிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் செலவழித்தது. அந்த மீன்காரர் ஆட்டத்தை நம்பி மட்டும் கடை வைத்தவரல்லர். ஆட்டமில்லாத நாளிலும் வங்காளிக்கு மீன் வேண்டும்.

பெரியமேடு

நண்பர் குத்தகைக்குக் கேட்ட லாட்ஜுக்கு இப்போது திரும்பலாம். நேரு விளையாட்டரங்கம் நிற்கும் இடத்தில் முன்பு மாநகராட்சி அரங்கம் இருந்தது. 1956க்கும் 1965க்கும் இடையில் அங்கே டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் என்று வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நிறுவிய சாதனை அங்கே நிகழ்ந்ததுதான். பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பியது. 1993இல் இப்போதைய அரங்கம் எழுந்தது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதன் பின் நெடுங்காலம் பெருங்கூட்டம் அரிதாயிற்று. ஆயினும் சுற்றிலுமிருந்த லாட்ஜுகள் மூடப்படவில்லை. காரணம் எளிது. நடந்துபோகும் தொலைவில் 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் புகைவண்டி நிலையம் இருக்கிறது. அதன் எதிரே அரசுப் பொது மருத்துவமனை. பெரியமேட்டிலேயே தோல் வணிகம். வண்டிக்குக் காத்திருப்போரும், நோயாளிக்குத் துணையிருப்போரும், சரக்கு பார்க்க வந்தோரும் அக்கட்டில்களை நிரப்பினர்.

கால்பந்தோ எவ்வளவு நிலையற்றது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2014இல் எட்டு அணிகள். சென்னையில் ஏழு ஆட்டங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் அணியின் சொந்த மைதான அரையிறுதியே புனேக்கு மாற்றப்பட்டது. நண்பர் சொன்ன எட்டாவது நாள் அந்த ஆண்டிலேயே பெரியமேட்டுக்குக் கிட்டவில்லை என்பதைப் பிறகுதான் நாங்கள் கவனித்தோம். 2017-18இல் அணிகள் பத்தாகி, ஆட்டங்கள் ஒன்பதாயின. 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களிலும் தொற்றுநோய் காரணமாக எல்லா ஆட்டங்களும் கோவாவில் நடந்தன. சென்னையில் ஒன்றுகூட இல்லை. 2024-25இல் அணிகள் பதின்மூன்று. சென்னையில் லீக் ஆட்டங்கள் பன்னிரண்டு. ஆடித்தபசின் நாட்களும் பன்னிரண்டே என்பதை நண்பர்தான் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார். 2025 ஜூலையில், வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த சிக்கலால், அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகப் பந்து உருளும் செப்டம்பரில் ஆட்டமே இல்லை. தபசுக்கு அத்தகைய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. ஆடி பிறந்தால் கொடி ஏறும்.

கேள்விக்கு விடை

சங்கரன்கோவில் கடை அடமானத்துக்குப் போகவில்லை. தந்தையார் இணங்கவில்லை. ஆனால் மகனின் ஆசையை அவர் முற்றிலும் தடுக்கவுமில்லை. "ஒஞ் சம்பளத்துல எவ்ளோ தாங்குமோ அவ்ளோ எடு" என்றார். நண்பர் இருபது அறைகளைக் கைவிட்டு, அதே பகுதியில் ஏழு அறைகள் கொண்ட இடத்தை மற்றொருவரோடு சேர்ந்து எடுத்தார். சாப்பாட்டுக் கடை வைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவருடைய பேரேட்டைப் புரட்ட எங்களுக்கு வாய்த்தது. கல்வெட்டைப் படிக்கும் அதே ஆர்வத்தோடு படித்தோம் என்றால் மிகையாகாது. ஆட்ட நாட்களைத் தேடிப் பார்த்தோம். முந்திய நாளிலிருந்தும் பிந்திய நாளிலிருந்தும் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் ஏழு அறைகளும் தொடர்ந்து நிரம்பியிருந்தன. அவை யார் என்று கேட்டோம். தடகளப் போட்டிக்கு வெளிமாவட்டங்களிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள், உடற்கல்வி ஆசிரியர்கள், பிள்ளையோடு வந்த தந்தையர் என்றார். ஒரு அறையில் ஐந்து பேர், தரையில் பாய் விரித்து. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போய்விடுவார்களாம்.

மைதானத்தால் ஓட்டலுக்கு வாழ்வு உண்டு என்பது பொய்யன்று. ஆனால் அந்த வாழ்வு, நாம் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து வருவதில்லை. பார்க்க வருபவர் உள்ளூரார். ஆட வருபவரே வெளியூரார். ஆர்ப்பரிக்கும் பல்லாயிரவரால் நிரம்பாத கட்டில், எவரும் பார்க்க வராத போட்டியில் ஓட வந்த ஒரு பிள்ளையால் நிரம்புகிறது. இதைச் செல்சீயின் ஐந்தொகையிலிருந்து அறிய முடியாது; பேரேட்டில் பெயர் பெயராகப் படித்தால்தான் தெரியும்.

தொற்றுநோய்க் காலத்தில் பெரியமேட்டு அறைகள் பல மாதம் பூட்டிக் கிடந்தன. குத்தகை வாடகை மட்டும் நிற்கவில்லை. அந்நாட்களில் நண்பரின் குடும்பத்துக்குச் சோறு போட்டது சங்கரன்கோவில் கடைதான். சொந்தக் கட்டடம், வாடகை இல்லை. கடை திறக்கலாம் என்றானதும், விசைத்தறிக் கூடங்களிலிருந்தும் பூச்சந்தையிலிருந்தும் பழைய வாடிக்கையாளர் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போயினர். அடமானம் வைத்திருந்தால் அன்று அந்த அடுப்பு எரிந்திராது என்று நண்பர் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தடுமாறுகிறது. தந்தையார் இப்போது இல்லை. கடையை நண்பரின் தம்பி நடத்துகிறார்.

கடைசியாகத் தபசுக்குச் சென்றிருந்தபோது ஒன்றைக் கண்டோம். தபசு நாளன்று அக்கடையில் இலை போட்டுச் சாப்பாடு கிடையாது. வாசலில் பெரிய அண்டா ஒன்றில் நீர்மோர். வருவோர் போவோர் எல்லோருக்கும், காசில்லாமல். தந்தையார் காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஆண்டிலேயே மிகப் பெரிய கூட்டம் வாசலைக் கடக்கும் நாளில் வணிகத்தை நிறுத்திவைத்திருக்கிறாரே என்று எங்களில் ஒருவர் வியந்தார்.

"வியாபாரத்துக்குத்தான் மிச்ச நாளு கெடக்கே" என்றார் தம்பி, மோரை முகந்து நீட்டியபடியே.